தணலும் தாழிட்ட சாளரமும்

பண்டைத் தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பது நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய மூன்றும், அதாவது ஐப்பசி முதல் பங்குனி முடிய உள்ள ஆறு திங்களும், குளிரோடு தொடர்புடையன. வெயிலுக்கே பேர்போன நாட்டில் ஆண்டின் செம்பாதியைக் குளிருக்கு ஒதுக்கியது இலக்கண ஆசிரியர்தம் கற்பனையோ என்று சமவெளி மாணவர் சிலர் வகுப்பில் வினவுவதுண்டு. உதகையிலும் கோத்தகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானலிலும் இருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் அவ்வினாவை எழுப்புவதில்லை. மார்கழி, தைத் திங்களின் வைகறையில் உதகைப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அக்குளிருக்கு அஞ்சி மனிதன் தன் வீட்டினுள் கொண்டுவரும் நெருப்பைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம். தீயணைப்பு நிலையத்தார் எழுத வேண்டிய பொருள் தமிழ்த்துறை மலரில் எதற்கு என்று கேட்பாரும் இருக்கலாம். இதில் தமிழாசிரியர்க்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதைச் சற்றுப் பொறுத்துக் காட்டுவோம்.

கூதிர்க்காலக் குளிரைத் தமிழில் முழுமையாகப் படம்பிடித்த நூல் நக்கீரரின் நெடுநல்வாடை. மழையில் நனைந்த ஆயர் கொள்ளி நெருப்பில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கின்றனர். ஊரினர் குவிந்த வாயுடைய கன்னலின் தண்ணீரைத் தொடாது, அகன்ற வாயுடைய தடவின் செந்நெருப்பை நாடுகின்றனர். 'தடவு' எனப் புலவர் குறித்தது வேறொன்றுமன்று. கணப்புச் சட்டி என்றும் கும்முட்டி அடுப்பு என்றும் பிற்காலத்தார் வழங்கிய நெருப்புக்கலமே அது. அதே பகுதியில், வேனிலில் தென்றலை வரவேற்ற பள்ளியறைச் சாளரத்தின் கதவுகள் வாடைக்கு அஞ்சித் தாழிடப்பட்டுக் கிடக்கும் செய்தியும் வருகிறது. தாழிட்ட சாளரமும் தடவின் செந்நெருப்பும் சில அடிகளின் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்திருப்பது நோக்கத்தக்கது. அக்கால மாடங்களின் அகலமும் உயரமும் அவர்களைக் காத்தன போலும். இன்றைய சிற்றறையில் அவ்விரண்டும் ஒன்றுசேரும்போது நேர்வது என்ன என்பதே நம் கவலை.

வள்ளுவரும் தீக்காய்தலை நன்கறிந்தவர். மன்னரைச் சேர்ந்தொழுகுவார்க்கு அவர் எடுத்துக்காட்டிய உவமை அதுதான். மிக நெருங்கின் சுடும். மிக விலகின் குளிர் தீராது. திறந்த வெளியில் மூட்டிய தீக்கு இவ்வளவையே போதும். மூடிய அறையுள் வைத்த தணலுக்கோ அணுக்கமும் தொலைவும் இல்லை. அறையின் எந்த மூலையில் படுத்தாலும் அது வந்து சேரும்.

நம் மக்கள் நெருப்பைப் பற்றி அறிந்து வைத்திருக்கும் அறிவெல்லாம் ஓலைக்கூரையின் கீழ்ப் பிறந்த அறிவு. கூரை வீட்டில் ஒரு பொறி பறந்தால் தெருவே எரியும். ஆகவே சுடரைக் கண்டு அஞ்சினோம். விளக்கைச் சுவரை விட்டு விலக்கி வைத்தோம். அடுப்படியைத் தனியே அமைத்தோம். கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் பள்ளிக்கூடத்தின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட பிறகு, பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளுக்குத் தடை வந்தது. ஏழை எளியவரின் குடிசைகளும் அரசுத் திட்டங்களால் பல ஊர்களில் கற்காரை வீடுகளாயின. இவை யாவும் வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயினும் ஒன்றை எவரும் மக்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஓலைக்கூரை எரியும், ஆனால் மூச்சுவிடும். ஓட்டுக்கூரையின் இடுக்குகளிலும் காற்றுப் போய்வரும். கற்காரைத் தளமோ எளிதில் எரியாது, காற்றையும் விடாது. அதில் கதவையும் சாளரத்தையும் அடைத்து, கதவடியின் இடுக்கில் பழந்துணியையும் திணித்துவிட்டால், அந்த அறை ஒரு மூடிய பானையாகிவிடுகிறது. வீடு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கூரை வீட்டில் பாட்டியார் வைத்த கணப்புச் சட்டியைத் தள வீட்டில் பேரர் வைக்கிறார்.

மலைநாட்டில் ஆங்கிலேயர் கட்டிய மாளிகைகளைப் பார்த்தோர், ஒவ்வொரு பெரிய அறையிலும் சுவரோடு இணைந்த கணப்படுப்பும் அதற்குமேல் கூரையைத் துளைத்துச் செல்லும் புகைபோக்கியும் இருக்கக் கண்டிருப்பர். அவர்கள் தம் நாட்டுக் குளிரில் கற்ற பாடம் அது. அறைக்குள் நெருப்பு வந்தால் அதன் கழிவு வெளியேற வழி வேண்டும் என்பதை அவர்கள் கட்டடத்திலேயே எழுதி வைத்தனர். துரையின் அறைக்குப் புகைபோக்கி கட்டிய கொத்தனாரும் சிற்றாளும் அதே குளிரில், புகைபோக்கி இல்லாத குடியிருப்பில் தணற்சட்டியோடு படுத்தனர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் பலவற்றில் இன்றும் நிலை அதுவே. இந்த வேற்றுமையை நினைவில் கொள்ளாமல் ஏழையின் அறியாமையைப் பற்றி மட்டும் பேசுவது நீதியாகாது.

இனித் தணலின் இயல்பைக் காண்போம். கரியைப் பற்றவைத்தவுடன் புகை எழுகிறது, கண் கரிக்கிறது, இருமல் வருகிறது. ஆதலால் அச்சட்டியை வாசலிலோ கொல்லையிலோ வைத்திருப்பர். சிறிது நேரத்தில் புகை அடங்கும். கரி முழுதும் சிவந்து கங்காகும். "புகை போய்விட்டது, இனி உள்ளே கொண்டுவா" என்பார் வீட்டுப் பெரியவர். ஏமாற்றம் நிகழும் இடம் இதுதான். புகை நின்றபின் சிவந்து ஒளிரும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தொடர்ந்து வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணையும் உறுத்தாது, தொண்டையையும் உறுத்தாது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் உயிர்வளியைச் சுமந்து செல்வது. இவ்வாயு உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அதனைப் பிடித்துக்கொண்டு, உயிர்வளிக்கு இடமில்லாமற் செய்துவிடுகிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி. விழித்திருப்பவன் இவற்றை உணர்ந்து எழக்கூடும். எழுந்தாலும் கால் துவண்டு கதவருகே விழுந்தவர் உண்டு. உறங்குபவனுக்கு இந்த முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. உறக்கம் அப்படியே நீண்டுவிடுகிறது.

தமிழாசிரியர்க்கு உரிய பொறுப்பு என்று மேலே குறித்தது இவ்விடத்தில்தான் வருகிறது. தீயின் நிலைகளுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! பொறி, சுடர், கொழுந்து, தழல், தணல், கனல், கங்கு, கொள்ளி, நீறு என்று நிகண்டுகளிலும் வழக்கிலும் நிறைந்து கிடக்கின்றன. 'நீறு பூத்த நெருப்பு' என்னும் தொடரை உள்ளத்துச் சினத்துக்கு ஆளும் அளவுக்கு இம்மக்கள் தணலைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். அத்தணலிலிருந்து எழும் உயிர்க்கொல்லி வாயுவுக்கோ வீட்டில் புழங்கும் சொல் ஒன்றும் இல்லை. பாடநூலில் உள்ள பெயர் தேர்வோடு முடிந்துவிடுகிறது. படித்தவர் சிலர் அதனைக் கரியமில வாயு என்கின்றனர். அது நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடுக்கு உரிய பெயர்.

செய்தித்தாள்களோ ஆண்டுதோறும் ஒரே தொடரை அச்சிடுகின்றன: மூச்சுத்திணறி இறந்தனர். இத்தொடர் பிழையானது மட்டுமன்று. தீங்கானதும் ஆகும் என்பது நம் கருத்து. மூச்சுத்திணறல் என்ற சொல்லைக் கேட்பவர் மனத்தில் என்ன தோன்றும்? மூச்சு முட்டும், புரளுவோம், விழிப்போம், ஓடிக் கதவைத் திறப்போம் என்றே தோன்றும். "எனக்கு அப்படி ஒன்று வந்தால் எழுந்துகொள்ள மாட்டேனா?" என்று உதகைப் பக்கத்து மாணவர் ஒருவர் எம்மிடமே கேட்டதுண்டு. அறிவில் குறைந்தவர் அல்லர்; இயற்பியல் பட்டம் பெற்றபின் தமிழ் பயில வந்தவர். அவரை ஏமாற்றியது அச்சொல். மார்பில் திணறலை உண்டாக்கி நம்மை எழுப்புவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயு. இங்கு அது சேர்வதில்லை; மூச்சு வழக்கம்போல் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே செல்வது மட்டும் நஞ்சாகிறது. திணறல் இல்லாத சாவுக்குத் திணறல் என்று பெயரிட்டுவிட்டோம். 'கரிநஞ்சு' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறோம். இதனினும் சிறந்ததை அறிஞர் எவரேனும் தரின் மகிழ்ந்து ஏற்போம். எழுத்தறியாத தாய்க்கும் ஒரே கேட்பில் விளங்குவதாக அது இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நம் நிபந்தனை.

இது மலைநாட்டு ஏழைக்கு மட்டும் நேர்வது என்று எண்ணவேண்டா. கொடைக்கானலுக்கு 2024ஆம் ஆண்டு சுற்றுலாச் சென்ற இளைஞர்களுள் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி மீண்டும் எழவில்லை. குளிர் மிகக் கடுமையான காசுமீரத்தில், பிரம்புக் கூடைக்குள் அமைந்த மண்சட்டியில் தணலிட்டு மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிடி என்னும் கலம் மக்கள் வாழ்வோடு ஒன்றியது. தலைமுறை தலைமுறையாக நெருப்போடு பழகிய அந்நாட்டின் தலைநகராம் சிறீநகரிலேயே, 2025ஆம் ஆண்டு சனவரியின் தொடக்கத்தில் ஒரே குடும்பத்தார் ஐவர், அவர்களுள் குழந்தைகள் மூவர், சூடேற்றும் கருவியால் அறைக்குள் சேர்ந்த நச்சுக் காற்றில் உயிரிழந்தனர். பழக்கம் பாதுகாப்பாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நம் மாணவர்களுள் படைப்பணிக்கும் மேற்படிப்புக்கும் வடபுலம் செல்வோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். தில்லியின் வாடகை அறையில் முதற்குளிரைச் சந்திக்கும் பிள்ளைக்குப் போர்வை கட்டிக் கொடுக்கும் பெற்றோர் இதனையும் சொல்லி அனுப்புவாராக.

மலையை விட்டு நம் வீடுகளுக்கு வருவோம். சமவெளியில் குளிர்காய்வதற்காக அறைக்குள் தணல் வைப்பார் அரியர். எனினும் ஓர் அறை உண்டு. பிள்ளை பெற்ற தாயின் அறை. மழையும் பனியும் கூடிய கார்த்திகை, மார்கழியில் பிள்ளை பெற்றவளுக்கு வாடைக்காற்றுப் படலாகாது என்று சாளரங்கள் அனைத்தும் அடைக்கப்படுகின்றன. குழந்தையைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டத் தணற்சட்டி வருகிறது. தாயின் ஈரக்கூந்தல் உலரவும் அதுவே. காட்டியபின் சட்டியை வெளியே எடுத்துவிடும் வீடுகளும் உண்டு. அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று கட்டிலின் கீழேயே விட்டுவிடும் வீடுகளும் உண்டு. அவ்வறையில் தாய் தலைவலி என்றால் பனி பிடித்துக்கொண்டது என்கின்றனர். வாந்தி என்றால் பத்தியம் தவறியது என்கின்றனர். சாளரம் இன்னும் இறுக அடைக்கப்படுகிறது. சாம்பிராணியின் நறுமணத்தை நாம் பழிக்கவில்லை. வெள்ளி மாலையில் தெரு முழுதும் கமழும் அம்மணம் நம் ஊர்களின் அடையாளங்களுள் ஒன்று. திறந்த கூடத்தில் அது கமழட்டும். பெற்ற தாயும் பச்சைக் குழந்தையும் உறங்கும் அடைத்த அறையில் தணலுக்கு இடமில்லை என்று வீட்டு மூதாட்டியர் ஒரு சொல் சொன்னால் போதும்; மருத்துவர் சொல்லுக்கு இல்லாத வலிமை அதற்கு உண்டு.

இதனைச் சொல்லும்போது சிலர், ஆயுள் முடிந்தால் தணல் ஒரு காரணம், அவ்வளவே என்பர். நம் சமுதாயத்தில் இவ்வாறு பேசுவோர்க்கு மார்க்கத்தின் வாயிலாகவே விடை கூறுதல் தகும். மதீனா நகரில் ஓரிரவு ஒரு வீடு அதில் இருந்தோரோடு எரிந்துபோன செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டது. நெருப்பு உங்களுக்குப் பகையானது, உறங்கப் போகும்போது அதனை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்துப்பட அவர்கள் அறிவுறுத்தியதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இடம்பெற்றுள்ளது. உறங்கும் வேளையில் வீடுகளில் நெருப்பை விட்டுவைக்கலாகாது என்பதை இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவிக்கின்றனர். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற நுண்ணிய எச்சரிக்கை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. எரிந்த வீட்டாரின் விதியைப் பேசி நிறுத்தாமல், எரியாத வீட்டார் அன்றிரவே செய்யவேண்டியதைச் சொன்ன பெருந்தகையின் வழியில் வந்தோர் நாம். ஆயுளின் மீது பழி போட்டுவிட்டு அடுப்பை அணைக்காமல் படுப்பது இறைநம்பிக்கையன்று, சோம்பல்.

குளிர்காலத்தின் மற்றொரு நெருப்பு வெந்நீருக்கானது. வைகறைத் தொழுகைக்கு ஒளூச் செய்வோர்க்கும், மார்கழி நீராட்டுக்கு எழும் அண்டை வீட்டார்க்கும் ஒரே வேளையில் வெந்நீர் தேவைப்படுகிறது. அரைத்தூக்கத்தில் இருளில் அடுப்பங்கரைக்குச் செல்லும் தாய்மாரையே இவ்வகை விபத்துகள் மிகுதியும் தாக்குகின்றன. பனிக்கு அஞ்சி இரவெல்லாம் அடைத்துவைத்த சமையலறையில் எரிவாயு கசிந்திருந்தால், அது காற்றைவிடக் கனமானதாதலின் தரையோடு தேங்கி நிற்கும். மேலே உள்ள சிறு சாளரம் அதனை வெளியேற்றாது; கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். மணமற்ற அவ்வாயுவைக் கசிந்தவுடன் அறிந்துகொள்வதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலந்து நிரப்புகின்றனர். குளிர்காலத்திலோ வீட்டில் பாதிப்பேர்க்கு மூக்கடைப்பு! நாற்றம் தெரியவில்லை என்பதால் கசிவில்லை என்று கொள்ளலாகாது. இரவில் உருளையின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பதும், ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்குள் மாற்றுவதும் பெருஞ்செலவுள்ள காரியங்கள் அல்ல. கசிவு என ஐயம் தோன்றினால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

அடைத்த குளியலறைக்குள் எரியும் எரிவாயு வெந்நீர்க் கருவி, கணப்புச் சட்டியின் நாகரிகத் தம்பி எனலாம். அதிலிருந்தும் வருவது அதே கரிநஞ்சுதான். வாளியில் தொங்கவிடும் மின்கம்பியைப் பற்றி இரு சொற்கள்: நீரில் இறக்கியபின் விசையைப் போடுக, விசையை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கியபின் நீரைத் தொடுக. அறையைச் சூடேற்றும் மின்கருவி 2,000 வாட் அளவினதாயின் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் அமைந்த 6 ஆம்பியர்ப் பிளக்கில் அதனைச் செருகினால் சுவருக்குள் ஓடும் கம்பி கொதிக்கும். போர்வையும் திரைச்சீலையும் அதற்கு ஒரு மீட்டர் எட்டவே இருக்கவேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போவதும், மெழுகுவத்தி அலமாரிக்குள்ளும் கட்டில் தலைமாட்டிலும் ஏறுவதும் நாம் அறியாதவை அல்ல. 2018ஆம் ஆண்டின் கசா புயலுக்குப்பின் காவிரிக் கழிமுகத்து ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் மின்னாக்கியை மழைக்கு நனையாமல் மாடிப்படியின் கீழோ நடைக்குள்ளோ இழுத்துவைப்பது பெருந்தவறு. அதன் புகையும் கரிநஞ்சே. மழை ஓய்ந்ததும் கொசு வரும், கொசுவத்திச் சுருள் வரும். அது தொட்டால் பஞ்சு மெத்தை கொழுந்துவிட்டு எரிவதில்லை, உள்ளுக்குள்ளே கனன்று அறையைப் புகையால் நிரப்பும். இரும்புத் தட்டில் வைத்து, கட்டிலைவிட்டு விலக்கி வைத்தால் போதும்.

தீப்புண் பட்டால் மசியும் பற்பசையும் தோசைமாவும் தேடி ஓடும் வழக்கம் படித்த வீடுகளிலும் ஒழியவில்லை. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் புண்ணைக் காட்டுவதே முதலுதவி, பனிக்கட்டியும் ஆகாது. கரிநஞ்சுக்கு ஆட்பட்டவரைக் காண நேர்ந்தால் முதலில் கதவு சாளரங்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, 108 வண்டியை அழைக்கவேண்டும். கோவிட் நோயின் காலத்தில் பலரும் வாங்கிவைத்த விரல்நுனி ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, அளவு சரியாக உள்ளது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது ஆபத்தானது. நஞ்சு பற்றிய ஈமோகுளோபினையும் அக்கருவி உயிர்வளி பற்றியதாகவே காட்டக்கூடும். மருத்துவமனையில் தூய உயிர்வளி கொடுப்பதே மருந்து.

பம்பாய்த் துறைமுகத்தில் 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர் பலர் மாண்டதன் நினைவாக, ஏப்பிரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நாடெங்கும் நடைபெறுகிறது. நம் கல்லூரிகளில் ஒத்திகையும் சொற்பொழிவும் அப்போதுதான். உயிர்நீத்தார்க்குச் செய்யும் சிறப்பில் குறைகாண நாம் வரவில்லை. ஆனால் ஏப்பிரல், சித்திரை வெயில் கொளுத்தும் காலம். அறைகளெல்லாம் திறந்துகிடக்கும் காலம். அடைத்த அறையின் நெருப்பைப் பற்றி அப்போது கேட்டது மார்கழிவரை எவர் நினைவில் நிற்கும்? சாளரத்தை அடைக்கத் தொடங்கும் ஐப்பசியிலேயே அதனைச் சொல்லவேண்டும்.

நெருப்பை அணை என்று சொல்வது எளிது, குளிர் போகவேண்டுமே! தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து சட்டியை வெளியேற்ற வேண்டுமானால் அதன் இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். கனத்த கம்பளி, காதை மூடும் குல்லாய், படுக்கைக்குள் வைத்துக்கொள்ளும் ரப்பர் வெந்நீர்ப் பை ஆகியன ஒரு குடும்பத்தின் குளிரைப் போக்கப் போதுமானவை. நம் சமுதாயச் செல்வர்கள் ரமளானில் சேலையும் கைலியும் வாரி வழங்குவது நாடறிந்தது. அக்கொடையில் ஒரு பங்கைக் கம்பளியாக மாற்றி, மலையூர்களின் ஜமாஅத்துகள் வழியே சாதி சமயம் பாராது எல்லா வரிசை வீடுகளுக்கும் முன்பனி தொடங்குமுன் கொண்டு சேர்ப்பின் அது உயிர்காக்கும் தருமமாகும். மலையில் தங்கும் விடுதி நடத்துவோரும் வீடு வாடகைக்கு விடுவோரும் ஒவ்வோர் அறையிலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, அடைக்கவியலாத காற்றுத் துளைகள் வைத்துக் கட்டுதல் வேண்டும். கரிநஞ்சு சேர்ந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. விருந்தினர்க்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி வைப்போர்க்கு அது ஒரு சுமையன்று. ஆயினும் காற்றுத் துளையும் கருவியும் இருக்கின்றன என்ற துணிவில் தணலை உள்ளே வைத்து உறங்குவதற்கு எவரும் இசைவு கொடுத்தல் ஆகாது. சாம்பல் மூடிய தணல் பல மணிநேரம் உயிரோடிருக்கும். அணைந்தது போலத் தோன்றும் சட்டிக்கும் இடம் வாசலுக்கு வெளியேதான்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், அரையாண்டு விடுமுறையில் ஊர் செல்லும்போது தத்தம் தெருவில் பத்து வீடுகளுக்குச் சென்று, இரவில் தணல் வைக்கும் வழக்கம் உண்டா, உறங்கும் அறையில் காற்றுக்கு வழி உண்டா, உருளையின் ரப்பர்க் குழாய் எந்த ஆண்டினது என்ற மூன்று வினாக்களை மட்டும் கேட்டு வரலாம். பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு மாணவியர் செல்வது நன்று. பிள்ளை பெற்ற அறைக்குள் அவர்களே நுழைய முடியும். முத்தவல்லிப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஐப்பசித் திங்களின் கடைசி வெள்ளியன்று ஜும்ஆத் தொழுகைக்குப்பின் வழக்கமான அறிவிப்புகளோடு இதனையும் படிக்கச் செய்யவேண்டும். கோயிலாரும் தேவாலயத்தாரும் கேட்பினும் மகிழ்வோடு தருவோம். ஒரு நிமிடத்தில் படித்து முடிக்கத்தக்க அளவில், நபிமொழிக் கருத்தோடு ஒன்றும் அஃதின்றி ஒன்றுமாக இரு வாசகங்களை எழுதித் தர எம் துறை ஆயத்தமாக உள்ளது. புரட்டாசி முடிவதற்குள் ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும்.